பெயர் எழுதாத பெண்: தென்னாட்டு ரோமானியக் காசுகளின் மறுபக்கம் குறித்து ஒரு மறுபார்வை

மலருக்கு இந்த ஆண்டும் ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். புதிதாக ஒன்றை எழுதுவதைவிட, முன்பு மேடையில் நான் சொன்ன ஒன்றைத் திருத்திச் சொல்வதே முறை என்று பட்டது. அடியேன் கல்லூரிப் படிப்பு படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து, வெள்ளிப் பாத்திர வியாபாரத்தில் நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்தவன். இப்போது வாசம் தொம்மலூரில். காசுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கடையை அடைத்த பிறகு படித்ததும், அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று பார்த்ததும்தான். ஆகவே இதைப் புலவர் கட்டுரையாகக் கொள்ளாமல், தவறிய ஒருவனின் திருத்தமாகக் கொள்ள வேண்டுகிறேன்.

ஒரு சிறுமியின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதித் தமிழன்பர்கள் நடத்திய ஒரு கூட்டத்தில், தென்னாட்டில் கிடைத்த ரோமானியக் காசுகள் பற்றிப் பேசினேன். டைபீரியஸ் மன்னனின் வெள்ளிக்காசுப் படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டி, "முன்பக்கம் இருப்பது மன்னன், பின்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவன் தாய் லிவியா" என்று அடித்துச் சொன்னேன். கைத்தட்டல் கிடைத்தது. முன்வரிசையில் அப்பா அம்மாவோடு வந்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி எழுந்து, "தாத்தா, அந்தம்மா பேரு காசுல எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

எழுத்துகளை எனக்குப் படிக்கத் தெரியும். திரும்பித் திரையைப் பார்த்தேன். அங்கே லிவியா என்று இல்லை. "பொன்டிஃப் மாக்ஸிம்" என்று மட்டுமே இருந்தது. தலைமைப் பூசகர் என்று பொருள்படும் அந்தப் பட்டம் மன்னனுக்கு உரியது. அந்தப் பெண்ணுக்கு உரியது அன்று. "அறிஞர்கள் அப்படிச் சொல்றாங்கம்மா" என்று சமாளித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. காரணம் அந்தக் கேள்வி மட்டும் அன்று. அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு.

மூசையில் போன காசுகள்

1982-ஆம் ஆண்டு. எனக்கு இருபத்திரண்டு வயது. உறவினர் ஒருவரின் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். பழைய வெள்ளியை வாங்கி உருக்குவது அங்கே அன்றாட வேலை. ஒருநாள் உடைந்த கொலுசு, நசுங்கிய குங்குமச் சிமிழ், அறுந்த அரைஞாண் ஆகியவற்றோடு ஐந்து சிறு காசுகளும் வந்தன. உரைகல்லில் தேய்த்துப் பார்த்தோம், நல்ல வெள்ளி. தராசில் வைத்தால் மூன்று காசு ஏறக்குறைய ஒரு தோலாவுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. அந்த எடை இன்றுவரை மறக்கவில்லை. ஒருபக்கம் மீசையில்லாத ஓர் ஆண்முகம். மறுபக்கம் நாற்காலியில் ஒரு பெண், கையில் ஏதோ கிளை.

"இது யாருங்க பெரியப்பா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "யாரோ வெள்ளைக்காரச்சி. விக்டோரியா ராணிக்குப் பாட்டியா இருப்பா. போடுடா மூசையில" என்றார். போட்டேன். வெண்காரம் தூவியதும் அரைமணி நேரத்தில் கொலுசும் சிமிழும் அந்தப் பெண்ணும் ஒரே கட்டியாகிவிட்டார்கள்.

ஒன்பது ஆண்டுகள் கழித்துச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகளைப் பார்க்கையில் அதே முகமும் அதே நாற்காலியும் கண்ணாடிக்குள் இருந்தன. கால் நடுங்கிவிட்டது. பெரியப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் தமக்குத் தெரிந்த ஒரு ராணியின் பெயரை வைத்தார். பின்னாளில் நான் எனக்குத் தெரிந்த வேறொரு ராணியின் பெயரை வைத்தேன். அவர் பார்த்ததற்கும் நான் பார்த்ததற்கும் வேறுபாடு என்ன என்பதுதான் அந்தச் சிறுமி என்னைக் கேட்ட கேள்வி.

நம் பக்கத்தில் கிடைத்தவை

மேலே போகும் முன், இக்காசுகள் நமக்கு எவ்வளவு அருகில் கிடைத்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலேயே யஷ்வந்த்பூரில் 1891-இல் ரயில்பாதை வேலையின்போது 163 ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. 1965-இல் எச்.ஏ.எல். பகுதியில் 256 காசுகள் வெளிப்பட்டன. அதாவது, 2008-இல் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளிக்கு மாறும் வரை நாம் ஊருக்குப் போகவும் வரவும் பயன்படுத்திய பழைய விமான நிலையத்தின் பக்கம். என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். சித்ரதுர்க்கா அருகிலுள்ள சந்திரவள்ளியில் 1947-இல் வீலர் நடத்திய அகழாய்விலும் டைபீரியஸ் காசு கிடைத்தது.

தமிழ்நாட்டில் கொங்குப் பகுதிதான் இதற்குக் களஞ்சியம். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரே புதையலில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகள் அகப்பட்டன. உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கு மேல். புதுக்கோட்டையில் 1898-இல் கிடைத்தவையோ 501 பொற்காசுகள். அவற்றில் மிகப்பெரும்பாலானவற்றில் மன்னன் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு உண்டு.

வெள்ளிக்காசுகளில் இரண்டே வகைகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, ஆகஸ்டஸ் வெளியிட்டது. பின்பக்கம் அவன் பேரப்பிள்ளைகள் கேயஸும் லூசியஸும் கேடயங்களோடு நிற்பார்கள். மற்றொன்று, டைபீரியஸின் இந்த உட்கார்ந்த பெண். ஆகவே பண்டைத் தென்னாட்டு வணிகன் கையில் மிக அதிகமாகப் புழங்கிய அயல்நாட்டுப் பெண்ணுருவம் எது என்று கேட்டால், இவள்தான். நம்முடைய கட்டுரைகளில் இவளுக்குக் கிடைக்கும் இடமோ ஒருவரி. பெரும்பாலும் அந்த ஒருவரியும் தவறு.

காசு சொல்வது என்ன?

வியாபாரி கண்ணால் பார்ப்போம். கிளாடியஸுக்கு முன், கி.பி. 14 முதல் 37 வரை, இருபத்து மூன்று ஆண்டுகள் டைபீரியஸ் ஆண்டான். அந்தக் காலம் முழுவதும், இன்றைய பிரான்ஸில் லியோன் என்று வழங்கும் ஊரின் அக்கசாலையில் இந்த ஒரே வகை வெள்ளிக்காசு பெருவாரியாக அடிக்கப்பட்டது. எடை சுமார் 3.8 கிராம். பெண் வலப்பக்கம் நோக்கி அமர்ந்திருக்கிறாள். ஒரு கையில் செங்கோல், மறுகையில் கிளை. நாற்காலியின் கால் வேலைப்பாட்டில் சிறுசிறு மாற்றம் உண்டு. அவ்வளவுதான்.

இவளை லிவியா என்று சொல்வோருக்கும் காரணம் இருக்கிறது. லிவியா ஆகஸ்டஸின் மனைவி, டைபீரியஸின் தாய். கணவன் இறந்து தெய்வமாக்கப்பட்டபின் அவன் வழிபாட்டுக்கு அவளே பூசகியானாள். ஜூலியா அகஸ்டா என்ற பெயரும் பெற்றாள். பிற்காலத்தில் கிளாடியஸ் கி.பி. 42-இல் அவளைத் தெய்வமாக்கி வெளியிட்ட செம்புக்கலப்புக் காசில், இதே போல அமர்ந்த பெண்ணுக்கு "தீவா அகஸ்டா" என்று பட்டம் எழுதியிருக்கிறது. அந்தப் பெண் லிவியா என்றால் இந்தப் பெண்ணும் லிவியாதானே என்பது வாதம்.

மறுப்பும் வலுவானதே. முதலாவது, இந்த உட்கார்ந்த பெண் டைபீரியஸின் புதுப்படைப்பு அல்லள். ஆகஸ்டஸின் கடைசிக் காலத்திலேயே, அதே பட்டத்தோடு, அதே செங்கோலும் கிளையுமாகக் காசில் வந்துவிட்டாள். மகன் இருந்த அச்சைத் தொடர்ந்தான். இரண்டாவது, தாய்க்குப் பெரிய பட்டங்கள் தர மேலவை முன்வந்தபோது டைபீரியஸ் தடுத்தான் என்று டாசிட்டஸ் எழுதுகிறார். கி.பி. 29-இல் அவள் இறந்தபோதும் தெய்வமாக்க அவன் இசையவில்லை. அப்படிப்பட்டவன் வெள்ளிக்காசிலெல்லாம் அவளைத் தெய்வக்கோலத்தில் உட்கார வைப்பானா? மூன்றாவது, அவள் இறந்தபின்னும் காசு துளியும் மாறவில்லை. நான்காவது, ரோமானியர் பெயர் எழுதத் தெரியாதவர்கள் அல்லர். இதே டைபீரியஸ் கி.பி. 22 வாக்கில் வெளியிட்ட பெரிய வெண்கலக் காசொன்றில், கோவேறுகழுதை பூட்டிய வண்டியோடு ஜூலியா அகஸ்டாவின் பெயர் வெளிப்படையாக உள்ளது. பெயரும் உருவமும் எங்கே வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே நேர்மையாக எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும்: "செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண், அமைதித் தெய்வமாக இருக்கலாம், பார்த்தவர் சிலர் இவளில் லிவியாவையும் கண்டிருக்கலாம், காசு பெயர் சொல்லவில்லை." பெட்டியில் இல்லாத சரக்கைப் பில்லில் எழுதக் கூடாது என்பது கடைச் சட்டம். ஆராய்ச்சிக்கும் அதுவே.

ஒவ்வொருவருக்கும் ஒரு தாய்

இதை எழுதும்போது, நம்மவர் எழுத்தில் அடிக்கடி காணும் ஒரு பழக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரோமானியக் காசில் பெண்ணுருவம் வந்தால் உடனே நமக்குப் பழகிய பெயரைச் சூட்டிவிடுகிறோம். கதிரைக் கையில் ஏந்திய சீரிஸ் தேவியை லட்சுமி என்கிறோம். மயிலோடு நிற்கும் ஜூனோவைக் கௌமாரி என்கிறோம். பாம்புக்கு உணவு ஊட்டும் சலூஸைக் கண்டால் நாகம்மா நினைவு வருகிறது. அதன் பிறகு, ரோமாபுரிக்கே நம் தெய்வம் போய்விட்டதாக ஒரு முடிவு.

நான் மட்டும் தப்பினேனா? இல்லை. அந்த உட்கார்ந்த பெண்ணின் கையில் கிளையைக் கண்டதும் எனக்குத் தோன்றியது எங்கள் தர்மதேவி. வடநாட்டார் அம்பிகா என்றும் கூஷ்மாண்டினி என்றும் சொல்லும் யட்சியைத் தமிழ்ச் சமணர் தர்மதேவி என்போம். மாங்கொத்து, குழந்தைகள், சிங்கம் ஆகியவை அவளுக்கு அடையாளம். போளூருக்கு அருகே திருமலைக்கு என் அம்மா கைப்பிடித்துக் கூட்டிப்போனபோது கும்பிட்ட முகம் அது. ஆகவே நான் காசில் பார்த்தது என் தாயை. பெரியப்பா பார்த்தது அவர் பள்ளிக்கூடத்து ராணியை. லிவியா என்று சொல்லும்போது நான் பார்த்தது ஓர் ஆங்கிலப் புத்தகத்தை. காசை எவரும் பார்க்கவில்லை.

பெயர் மாற்றிச் சொன்னால் என்ன குடிமுழுகிப் போகும் என்று சிலர் கேட்கலாம். சிறிய கூட்டத்தாருக்கு அதன் வலி தெரியும். வயல்வெளியில் கிடக்கும் தீர்த்தங்கரர் திருமேனியைப் புத்தர் சிலை என்று எழுதிவிடுவார்கள். குமரி மாவட்டத்துச் சிதறாலில் சமணச் சிற்பங்கள் செதுக்கிய பாறைக்கோயில் பிற்காலத்தில் பகவதி கோயிலாயிற்று. அங்கே கும்பிடுகிறவர்களின் பக்தியை நான் குறை கூறவில்லை. கும்பிடுகிறவருக்கு அந்த உரிமை உண்டு. வரலாறு எழுதுகிறவருக்கு இல்லை. எங்கள் சிலைக்கு வேறு பெயர் வைத்தால் வருந்துகிற நான், வேறொருவர் காசுக்குத் தோன்றிய பெயரை வைப்பது எப்படி நியாயம்?

உருவங்கள் நாடு விட்டு நாடு போனதே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. குஷாணர் பொற்காசுகளில் அரியணையில் அமர்ந்த அர்தோக்ஷோ என்னும் தெய்வம், குப்தர் காசுகளில் மெல்ல மெல்லத் தாமரைமேல் அமர்ந்த லட்சுமியானதைப் படிப்படியாகக் காசுகளை அடுக்கிக் காட்ட முடியும். அந்தப் படிகள் இருந்தால் ஏற்போம். படி இல்லாமல் மாடிக்குத் தாவக் கூடாது.

அதே மேடையில் நான் செய்த இன்னொரு தாவலையும் ஒப்புக்கொள்கிறேன். தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பது நம்மில் பலர் அறிந்தது. அவற்றில் இவ்வூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்ற பெயரும் வருகிறது. வணிகர் வாடை வீசும் பெயர். அதை எச்.ஏ.எல். காசுகளோடு முடிச்சுப் போட்டு, "ரோமானிய வணிகம் நடந்த தொம்மலூர்" என்று பேசினேன். காசுகள் முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கல்வெட்டுகள் 13-ஆம் நூற்றாண்டு வாக்கிலானவை. நடுவில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகள்! ஊர்ப்பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

பெயர் எழுதிய பெண்கள்

பெயரில்லாத பெண்ணைப் பற்றி இவ்வளவு சொன்னபின், பெயரோடு வந்தவர்களையும் பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும். புதுக்கோட்டைப் புதையலில் ஆன்டோனியாவின் பொற்காசுகளும் இருந்தன. இவள் கிளாடியஸ் மன்னனின் தாய். மகன் பட்டத்துக்கு வருமுன்பே இறந்துவிட்டாள். அவள் முகத்தைச் சுற்றி "ஆன்டோனியா அகஸ்டா" என்று தெளிவாக எழுதியிருக்கும். இங்கே எவரும் ஊகிக்க வேண்டியதில்லை.

அடுத்தவள் அக்ரிப்பினா, நீரோவின் தாய். இவள் கதையைக் காசுகளே சொல்லும். கி.பி. 54-இல் நீரோ பட்டமேறியதும் வந்த காசில் தாயும் மகனும் எதிரெதிரே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முகப்பக்கத்தில் இருப்பது தாயின் பட்டங்கள், மகனுடையவை பின்பக்கம். மறு ஆண்டுக் காசில் இரு முகமும் ஒரே பக்கம் நோக்கும். மகன் முன்னே, தாய் பின்னே. அவள் பட்டம் பின்பக்கத்துக்குப் போய்விடும். அதன் பிறகு அவளே இல்லை. கி.பி. 59-இல் மகன் ஆணையால் கொல்லப்பட்டாள். மாமியார் மருமகள் பூசல் மட்டுமே பார்த்த நம் குடும்பத்தாருக்கு இது பயங்கரமாக இருக்கும். பெயர் எங்கே எழுதப்படுகிறது என்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இன்று அரசியர் காசுகளைச் சேகரிப்போர் பெரிதும் விரும்புவது இவர்களுக்கும் பிந்தியவர்களை. ஆன்டோனினஸ் பயஸின் மனைவி ஃபாஸ்டினா கி.பி. 140 வாக்கில் இறந்தாள். கணவன் அதன்பின் இருபது ஆண்டுக்காலம் "தெய்வமான ஃபாஸ்டினா" என்று அவள் முகத்தைப் பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் அடித்துக்கொண்டே இருந்தான். பின்பக்கத்தில் சீரிஸ், வெஸ்டா, ஜூனோ என்று தேவியர் மாறி மாறி வருவார்கள். அவர்கள் மகள் இளைய ஃபாஸ்டினா பல பிள்ளைகள் பெற்றவள். அவள் காசில் குழந்தைகளோடு நிற்கும் மகப்பேற்றுத் தெய்வம். சிரியாவின் எமெசா நகரத்துப் பூசகர் மகள் ஜூலியா டோம்னா செப்டிமியஸ் செவெரஸின் மனைவி; அவள் காசில் வீனஸும் வருவாள். அரசி முன்பக்கம், தேவி பின்பக்கம். அரசியிடம் நாடு எந்தக் குணத்தை எதிர்பார்த்தது என்று தேவி சொல்வாள். தேவியின் பெயரும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். ஆகவே இரண்டு பக்கத்தையும் படிக்காமல் காசைப் படித்ததாக ஆகாது. நம் நூல்களில் பலவும் முன்பக்கத்து மன்னர் பட்டியலோடு நின்றுவிடுவது பெரிய குறை.

பெண்கள் மேல் போட்ட பழி

மறுபக்கத்தைப் படித்தால் ஒரு வேடிக்கையும் புலப்படும். கி.பி. 22-இல் டைபீரியஸ் மேலவைக்கு எழுதிய மடலில், பெண்களின் மணிக்கற்களுக்காக நம் பணம் அயல்நாட்டாருக்குப் போகிறதே என்று புலம்பினான் என டாசிட்டஸ் எழுதியுள்ளார். வெசூவியஸ் எரிமலை வெடித்த கி.பி. 79-இல் இறந்த பிளினியும் இதையே பாடினார். இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்கும் ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் போகிறது, நம் ஆடம்பரத்துக்கும் பெண்களுக்கும் கொடுக்கும் விலை இது என்பது அவர் கணக்கு. நான்கு செஸ்டர்ஸ் ஒரு வெள்ளிக்காசு. ஆக இரண்டரைக் கோடி வெள்ளிக்காசு.

மிளகு தின்றவர்கள் ஆண்களும்தான். இருந்தாலும் பழி பெண்கள் மேல். காங்கேயத்தை அடுத்த படியூரின் பச்சைக்கற்களை அணிந்த பெண்களைத் திட்டிய அதே டைபீரியஸின் காசு, ஒரு பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு அதே கொங்கு நாட்டுக்கு வந்து சேர்ந்தது! அவளைப் பார்த்துத்தான் நம் வணிகர் சரக்கை அளந்து கொடுத்தார்கள். யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "அந்தம்மா உட்கார்ந்திருக்கும் காசா? சரி, வெள்ளி நல்லது" என்பதே போதும்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் அது நடைமுறை. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசா 1780-இல் இறந்தாள். ஆனால் அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் வியாபாரிகள் அவள் முகமுள்ள வெள்ளியைத்தான் நம்பினார்கள். அதனால் 1780 என்ற ஆண்டோடேயே அக்காசை இருபதாம் நூற்றாண்டிலும் அடித்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நம் பம்பாய் நாணயச்சாலையிலேயே அடித்திருக்கிறார்கள். மாறாத முகம், மாறாத வெள்ளி. கி.பி. 64-இல் நீரோ வெள்ளிக்காசின் எடையையும் தரத்தையும் குறைத்தபின், இங்கே பழைய காசுகளே பெருகிக் கிடப்பதற்கு இந்த நம்பிக்கை ஒரு காரணம் என்று அறிஞர் பலர் கருதுவது எனக்கு எளிதாக விளங்குகிறது.

பொற்காசுகளுக்கு வேறொரு வாழ்வும் கிடைத்தது. இந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் பலவற்றில் தலைக்கு மேலே இரண்டு துளைகள் உண்டு. கோத்துக் கழுத்தில் அணிந்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் காசுமாலை போட்டுக்கொண்டது போல.

சேகரிப்போர் கவனத்துக்கு

இளைஞர்கள் சிலர் என்னிடம் வந்து, அரசியர் காசு சேகரிக்கலாமா என்று கேட்கிறார்கள். சேகரிக்கலாம், ஆனால் மூன்று சொற்கள். ஒன்று, போலிகள் மிகுதி. அச்சில் அடித்த காசுக்கும் வார்ப்பில் ஊற்றிய காசுக்கும் வேறுபாடு தெரியாமல் பணம் போடக் கூடாது. வார்ப்பில் விளிம்பில் ஒட்டுக்கோடும், மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகளும் தெரியும். இரண்டு, சட்டம். நூறாண்டைக் கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமமின்றி அதை வாணிகம் செய்யக் கூடாது; வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. தமிழ்நாட்டில் நம் ஊர் நிலத்தில் அஸ்திவாரம் தோண்டும்போது பானையில் காசு கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று, கிடைத்த இடம். தனிக்காசின் விலை வெள்ளியில் இருக்கிறது. அதன் அறிவு அது கிடந்த பானையிலும் மண்ணிலும், கூடக் கிடந்த காசுகளிலும் இருக்கிறது. பங்கு போட்டுப் பிரித்துவிட்டால் அந்த அறிவு திரும்பாது.

நான் உருக்கிய ஐந்து காசுகள் எந்த ஊரில் கிடைத்தவை என்று அன்று கேட்கவில்லை. கொண்டுவந்தவர் முகம்கூட நினைவில்லை. எச்.ஏ.எல். பக்கமா, கொங்குச் சீமையா, இரண்டும் இல்லையா? இனி யாரைக் கேட்பது?

அந்தச் சிறுமியை அதன்பின் நான் பார்க்கவில்லை. பெற்றோருக்கு வேலை மாறி வேறு ஊர் போய்விட்டார்கள் என்று கேள்வி. இந்த மலர் அவள் கைக்கு எட்டினால் என் விடை இதுதான்: "அந்தம்மா பேரு காசுல எழுதலைம்மா. நீ கேட்டது சரி. தாத்தாதான் தப்பாச் சொன்னேன்."

இக்கட்டுரையிலும் பிழை இருக்கக்கூடும். கற்றறிந்த அன்பர்கள் எடுத்துக்காட்டினால் அடுத்த மலரில் திருத்திக்கொள்வேன்.